நூற்று முப்பத்தெட்டாம் பக்கம்

மார்ச் 3

பாப்பா,

முதல் பிரதி உனக்குத்தான் என்று எடுத்துவைத்தேன். பிறகு பாக்கெட் போடுகிற அமளியில் அதையே மறந்துவிட்டு, பத்து நாள் கழித்து இன்றைக்கு அனுப்புகிறேன். திட்டிக்கொள், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுத் திட்டு.

ஐந்நூறு பிரதியும் வந்து இறங்கியதிலிருந்து வீட்டில் மனிதர்களுக்கு இடம் இல்லை. சாப்பாட்டு மேசை, சோபா, துணி மடித்து வைக்கிற ஸ்டூல் எல்லாம் புத்தகம். உன் அண்ணன் நின்றுகொண்டே சாப்பிடுகிறார். "ஆறாவது புத்தகம் போட்டாச்சு, புருஷனுக்கு ஒரு நாற்காலி மிச்சம் வைக்கக் கூடாதா?" என்று கேட்டார். விற்றால் கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன்.

சேதி என்னவென்றால், விற்கிறது! இதற்கு முன்னால் போட்ட ஐந்தும் ஒரு வருஷத்தில் விற்றதை இது பத்து நாளில் விற்றுவிட்டது. காலையில் ஆர்டர் எழுதிக்கொள்வது, மதியம் வரை அட்டையில் சுற்றி டேப் ஒட்டுவது, மூன்று மணிக்குக் கூரியர் ஆபீசில் வரிசையில் நிற்பது. விரலில் டேப் பசை போகவே மாட்டேன் என்கிறது. இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டு எட்டு மாதம் ஆகிறது. எழுதி வயிற்றைக் கழுவ முடியுமா என்று கேட்டவர்களிடம் இந்த விரலைக் காட்டலாம் போலிருக்கிறது.

வாசகர்கள் எல்லோரும் ஒரே இடத்தைத்தான் சொல்கிறார்கள். 138ஆம் பக்கம். கதாநாயகி தன் அக்காவிடம், வீட்டை விட்டு வரப் போகிறேன் என்று சொல்கிற இடம். நான் எழுதிய வசனத்தை நீ ஒரே கோடாக அடித்துவிட்டு, புரூஃப் தாளின் பின்பக்கத்தில் அவள் எப்படிப் பேசுவாள் என்று நீயே எழுதி அனுப்பியிருந்தாயே, அது. ஆறு புத்தகமாக இதுதானே நம் வழக்கம். நீ பின்பக்கத்தில் எழுதுவாய், நான் வாயை மூடிக்கொண்டு ஏற்றிவிடுவேன். இந்த முறையும் அப்படியே ஏற்றினேன். அந்த மின்சார மீட்டர் விஷயத்தை எங்கேயிருந்து பிடித்தாய்? ஒரு அம்மா போன் செய்து, அதைப் படித்துவிட்டு அரை மணி நேரம் சமையலறையில் போய் நின்றேன் என்றார்.

மூன்றாவது நாவலை மறுபதிப்புப் போடப் போகிறேன். அதன் புரூஃப் நூற்றுப்பத்து தாள் இதோடு இருக்கிறது. மெதுவாகப் பார். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணி


மார்ச் 8

அண்ணி,

தாள் 41இலிருந்து 44 வரை பின்பக்கத்தில் எழுதுகிறேன். தனித்தாளில் எழுத முடியாது. நூற்றுப்பத்து வந்தால் நூற்றுப்பத்துதான் போக வேண்டும். கட்டும்போது அவர் எண்ணுவார்.

நீங்கள் 138ஆம் பக்கத்தில் போட்டிருப்பது திருத்தம் இல்லை. அது கதாநாயகி பேசியது இல்லை. நான் உங்களுக்கு எழுதிய கடிதம்.

போனில் உங்களிடம் பேசும்போது அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வார். மாப்பிள்ளைக்கு நம்ம மேல எவ்வளவு பாசம் என்று நீங்கள்கூடச் சொல்லியிருக்கிறீர்கள். வெளியே வேலைக்குப் போகக் கூடாது. வீட்டிலேயே செய்வது என்பதால் உங்கள் புரூஃப் மட்டும் பார்க்கலாம். பார்சல் பகல் பதினொரு மணிக்கு வருகிறது, அவர் ஆலையில் இருக்கிற நேரம். எனக்கு இருக்கிற ஒரே வழி அந்தத் தாளின் பின்பக்கம். அதனால் அதில் எழுதினேன்.

காலையில் கிளம்பும்போது மின்சார மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு போவார். மதியம் சாப்பிட வரும்போது மறுபடி பார்ப்பார். மின்விசிறி ஓடிய அளவை வைத்து நான் வீட்டில் இருந்தேனா என்று கண்டுபிடிப்பார். ஆலையில் தரச்சோதனை செய்கிறவர், கணக்குத் தவறாது. என் சான்றிதழ்கள் இரும்பு அலமாரியில் பூட்டி இருக்கின்றன. சாவி, அவர் ஊருக்கு எடுத்துப் போகாத பழைய சவரப் பெட்டியில் பிளேடு உறைக்குக் கீழே இருக்கிறது. பிப்ரவரி 28 அன்று தலைமை அலுவலகத்துக்குப் போகிறார், இரண்டு நாள் வர மாட்டார், அன்றைக்கு வருகிறேன், என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா என்று கேட்டிருந்தேன். சரி என்று ஒரு வார்த்தை எந்தத் தாளிலாவது எழுதி அனுப்புங்கள் என்று கேட்டிருந்தேன்.

ஒரு மாதம் உங்களிடமிருந்து பார்சலே இல்லை. 28ஆம் தேதி பையை எடுத்துவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வேண்டாம் என்று நினைத்துவிட்டீர்கள் என்று முடிவு செய்து, துணியைத் திரும்ப அடுக்கினேன்.

நேற்று முன்தினம் புத்தகம் வந்தது. அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் காட்டிவிட்டேன். மிச்சப் புத்தகத்தைப் பழைய புரூஃப் கட்டுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஊரில் எத்தனை பேர் வீட்டில் அந்தத் தாள் இருக்கிறது?


மார்ச் 12

பாப்பா, என் கண்ணு,

உன் தாளை நின்றுகொண்டே படித்தேன். அப்புறம் உட்கார இடம் தேடினேன், இல்லை, புத்தகக் கட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எனக்கு எப்படித் தெரியும்? நீயே சொல். கதையிலும் ஒருத்தி வீட்டை விட்டு வரத் துடிக்கிறாள், உன் தாளிலும் ஒருத்தி வரத் துடிக்கிறாள். நீ எப்போதும் எழுதுகிற அதே பின்பக்கம், அதே நீல மை. மேலே 'இது கதை இல்லை' என்று ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா? குற்றம் சொல்லவில்லை. இல்லை, சொல்கிறேன். எனக்கு யார் மேலாவது கோபப்பட வேண்டும் போலிருக்கிறது. உன் மேல் படுவது அநியாயம் என்றும் தெரிகிறது.

மாப்பிள்ளையா இப்படி! வீட்டுக்கு வந்தால் என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கிக் கழுவுகிற மனிதர். அவர் சத்தம் போட்டு ஒருநாள் கேட்டதில்லையே என்று எழுத வந்தேன். எழுதும்போதே புரிகிறது, சத்தம் போடத் தேவை இல்லாதவர்தான் போட மாட்டார்.

உடனே கிளம்பி வா. அல்லது உன் அண்ணனை அனுப்புகிறேன். கார் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நிற்கட்டும், யார் தடுப்பது என்று பார்க்கலாம்.

இதோடு இன்னொரு நூற்றுப்பத்து தாள் அனுப்புகிறேன், பழைய நாவல்தான், பார்க்கத் தேவையில்லை. எண்ணிக்கைக்காக. பதில் எழுது. என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்லு, நான் செய்கிறேன்.

அண்ணி


மார்ச் 16

அண்ணி,

அண்ணனை அனுப்ப வேண்டாம். அண்ணனிடம் சொல்லவும் வேண்டாம். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை சொன்னேன். அண்ணன் பேசித் தீர்க்க வந்தது. இரண்டு பேரும் முன்னறையில் தேநீர் குடித்தார்கள். போகும்போது அண்ணன் என் தலையில் கைவைத்து, "கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா, நல்ல மனுஷன்" என்றது. நான் சொன்னது ஒவ்வொன்றையும் அண்ணன் அவரிடம் நல்ல எண்ணத்தில் சொல்லியிருந்தது. அதற்குப் பிறகுதான் மீட்டர்.

உடனே வர முடியாது. அவர் மதியம் வந்துவிடுவார். எனக்குச் சேர்ந்தாற்போல மூன்றரை மணி நேரம் கிடைத்தால் அதிகம். குவார்ட்டர்ஸ் வாசலில் காவலாளி இருக்கிறார், பையோடு போனால் அவருக்கு போன் போகும். அடுத்த முறை தலைமை அலுவலகம் போவது ஏப்ரல் 11, சனிக்கிழமை. சனி, ஞாயிறு காவலாளியும் மாறுவார். அன்றைக்குத்தான்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்டீர்கள். ஏப்ரல் 11 வரைக்கும் ஒரு பிரதிகூட வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான். அவர் கதை படிக்கிறவர் இல்லை. ஆனால் ஆலையில் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிற அம்மா ஒருவர் படிப்பார். உங்கள் நாலாவது நாவலைப் பற்றி அவரிடம் பேசியிருக்கிறார். அந்த அம்மா கையில் போனால் இவர் காதுக்கு வரும். இவருக்கு மீட்டர் என்ற ஒரு சொல் போதும்.

இன்னொன்று. மேலே ஒரு வரி போட்டிருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தீர்கள். என் தாளில் நாலு இடத்தில் 'அண்ணி' என்று எழுதியிருந்தேன். உங்கள் புத்தகத்தில் நாலு இடத்திலும் 'அக்கா' என்று இருக்கிறது. கதாநாயகிக்கு அண்ணி கிடையாது, அக்காதான். அதனால் மாற்றியிருக்கிறீர்கள். நாலையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றியிருக்கிறீர்கள்.

அப்போதும் தெரியவில்லையா?


மார்ச் 20

பாப்பா,

நிறுத்திவிட்டேன். இன்றைக்கே ஆர்டர் எடுப்பதை நிறுத்திவிட்டேன். கேட்கிறவர்களிடம் பைண்டிங்கில் கோளாறு, ஏப்ரல் நடுவில் வரும் என்று சொல்லிவிட்டேன். ஏப்ரல் 11 வரை ஒரு பிரதி நகராது. உன் அண்ணனிடம் வாயைத் திறக்கவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். தெரியவில்லை. கை மாற்றியது, மனசு மாற்றவில்லை. புத்தகம் அச்சுக்குப் போகிற வாரத்தில் நான் மனுஷியாகவே இருப்பதில்லை, உனக்குத் தெரியாததா? காற்புள்ளி, பக்க எண், பெயர், முறை எல்லாம் ஒரே மாதிரிதான் கண்ணில் படும். அண்ணி என்று இருந்தால் அக்கா என்று போடு, அடுத்தது. நீ ஒருமுறை 'மாமா' என்று எழுதியதைச் 'சித்தப்பா' என்று மாற்றினேனே, அது போலத்தான்.

உன்னிடம் சொல்லக் கூடாத நேரத்தில் சொல்கிறேன், ஆனால் நீயும் தெரிந்துகொள்ள வேண்டும். நான் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவள். அங்கே என் நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து இரண்டு மாதம் ஆகிறது. இந்தப் புத்தகம்தான் நான் இனி எழுத்தாளரா, அல்லது ஆபீசில் போய்க் கெஞ்சி நிற்கிறவளா என்று சொல்லப் போகிறது. சொந்தமாகப் போடுகிற புத்தகத்துக்கு ஒரு மூச்சுதான். ஓடும்போது நிறுத்தினால் மறுபடி ஓடாது, வாசகர் அடுத்ததுக்குப் போய்விடுவார். அப்படி இருந்தும் நிறுத்தினேன். உனக்காக நிறுத்தினேன். அதை மட்டும் நம்பு.

தாள் தொண்ணூறு அனுப்புகிறேன். பத்திரமாக இரு. 11ஆம் தேதிக்கு இன்னும் மூன்று வாரம்தான், பல்லைக் கடித்துக்கொள்.

அண்ணி


மார்ச் 29

அண்ணி,

புத்தகம் எங்கள் முன்னறையில் இருக்கிறது.

வியாழக்கிழமை அவர் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். ஸ்டோர்ஸ் அம்மா இரவல் கொடுத்திருக்கிறார். "உங்க வீட்டம்மாவோட அண்ணியாமே சார், நடுவுல ஒரு இடம் வரும், அழுதுடுவீங்க" என்றாராம். அதைச் சொல்லிக் காட்டிச் சிரித்தார். சரி, உன் அண்ணி அப்படி என்னதான் எழுதுறாங்கன்னு பார்ப்போம் என்றார்.

முதல் பக்கத்தில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. "கண்ணீர் வந்தால் நான் பொறுப்பல்ல. அன்புடன்" என்று எழுதி, கீழே மார்ச் 24 என்று தேதி போட்டிருக்கிறீர்கள். புத்தகக் கண்காட்சியில் எழுத்தாளரே கடையில் உட்கார்ந்து கொடுத்தாராம். ரொம்பச் சிரித்த முகமாம்.

20ஆம் தேதி நிறுத்திவிட்டேன் என்று எனக்கு எழுதினீர்கள்.

அவர் ஆலையிலிருந்து வந்து தேநீர் குடிக்கும்போது படிக்கிறார். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். ஒன்பதும் இல்லை, பதினொன்றும் இல்லை. தாண்டிப் படிக்க மாட்டார், பின்னால் புரட்ட மாட்டார். பத்து முடிந்ததும் தன் ஸ்டீல் ஸ்கேலை வைத்து மூடுவார். கதை தொடங்குவது 23இல், நேற்று 52இல் வைத்தார். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏப்ரல் 5 அன்று 132. ஏப்ரல் 6 சாயங்காலம் 138ஐத் தாண்டுவார். அவர் ஊருக்குப் போவது 11.

கிழிக்கலாம் என்றால் முடியாது. பக்க எண் குதித்தால் கண்டுபிடிக்கிற தொழில் அவருடையது. தொலைக்க முடியாது, வீட்டிலிருந்து ஒரு ஸ்பூன் தொலைந்ததில்லை. மேலே தண்ணீர் ஊற்றினால், ஏன் ஊற்றினாய் என்று மூன்று நாள் கேட்பார், அமைதியாகக் கேட்பார், அப்புறம் வேறு பிரதி வாங்கி வருவார்.

சாயங்காலம் அவர் பக்கம் திருப்புகிற சத்தம் சமையலறை வரை கேட்கிறது. நான் எண்ணிக்கொண்டு நிற்கிறேன். பத்துப் பக்கத்துக்கு ஐந்து தாள், ஐந்தாவது சத்தத்துக்கு அப்புறம்தான் எனக்குச் சாப்பாடு இறங்குகிறது.

உங்களால் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்க வந்தேன். அதைக் கேட்கவும் இப்போது பயமாக இருக்கிறது. செய்துவிட்டேன் என்று எழுதுவீர்கள், நான் நம்பிவிடுவேன்.


ஏப்ரல் 3

பாப்பா,

முதலில் செய்ய வேண்டியது. பிறகுதான் என் கதை.

இந்தப் பார்சலில் தாள்களுக்கு நடுவே ஒரு புத்தகம் இருக்கிறது. வெளியே பார்த்தால் அதே புத்தகம். அட்டை அதே அட்டை, காகிதம் அதே காகிதம். அச்சகக்காரரிடம் இரண்டு நாள் உட்கார்ந்து ஒரே ஒரு பிரதி போட்டு வாங்கினேன். "ஒரு பிரதிக்கா இந்தப் பாடு? ஜனாதிபதிக்கா அனுப்பறீங்க?" என்றார். ஆமாம் என்றேன்.

138 மாறிவிட்டது. அதற்குப் பிறகு மூன்று இடத்தில் மீட்டரும் சாவியும் வரும், அவற்றையும் எடுத்துவிட்டேன். வரிக்கு வரி அளந்து எழுதினேன், 139 பழையபடியே அதே சொல்லில் தொடங்கும். நடுவில் அழுகிற இடம் வரும் என்று அந்த ஸ்டோர்ஸ் அம்மா சொல்லிவிட்டாரே, அதனால் ஏதாவது அழ வைத்தாக வேண்டும். வேறு வழி தெரியாமல் பக்கத்து வீட்டு நாய்க்குட்டி ஒன்றை வண்டியில் அடிபடவைத்துவிட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய மகா மட்டமான பக்கம் அதுதான். முதல் பக்கத்தில் நீ எழுதியிருந்தபடியே கையெழுத்தும் தேதியும் போட்டிருக்கிறேன். வீட்டில் இருக்கிற பிரதியில் எங்காவது கறை, மடிப்பு, பென்சில் கோடு இருந்தால் நீதான் இதிலும் செய்ய வேண்டும். ஸ்கேலை அதே பக்கத்தில் வை. பழையதை எரித்துவிடு, அல்லது உன்னோடு எடுத்து வா.

கூரியர்காரர் திங்கட்கிழமை, 6ஆம் தேதி, பதினொரு மணிக்குள் கொடுத்துவிடுவேன் என்று சத்தியம் செய்திருக்கிறார். அதற்கு முன்னால் அனுப்ப வழியே இல்லை பாப்பா. ஞாயிற்றுக்கிழமை வண்டி கிடையாது. நானே கொண்டுவரலாம் என்றால், என்னை வாசலில் பார்த்ததும் அவர் மூக்கில் வேர்த்துவிடும்.

இனி என் கதை.

கண்காட்சிக்குப் போனேன். மூன்று நாள். கடைக்கு இடம் பிடித்தது ஜனவரியில், விட மனசு வரவில்லை. பழைய ஐந்து புத்தகத்தை மட்டும் வைப்பேன் என்று சத்தியமாக நினைத்துக்கொண்டுதான் போனேன். முதல் மணி நேரம் மேசைக்குக் கீழேதான் வைத்திருந்தேன். ஒரு பெண் வந்து அந்தப் பக்கத்தைப் பற்றிக் கேட்டாள். எனக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது, இருபது வருஷமாக எழுதுகிறேன், தன் வாயால் ஒரு பக்கத்தை ஒருவர் சொல்லி என் முன்னால் நின்றதில்லை. கீழே குனிந்து எடுத்துக் கொடுத்தேன். அப்புறம் குனிந்துகொண்டே இருந்தேன்.

போன கடிதத்தில் தெரியவில்லை என்று எழுதினேன். அது பொய்.

முதல் 'அண்ணி'யை மாற்றும்போது தெரியவில்லை. இரண்டாவதில் ஏதோ இடித்தது. நாலாவது, கடைசி வரியில் இருந்தது, 'என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா அண்ணி' என்று. அதில் கை நின்றுவிட்டது. போனை எடுத்தேன். உன்னைக் கூப்பிட்டு, பாப்பா இது நீயா என்று கேட்க வேண்டும். கேட்டால் ஆமாம் என்பாய். ஆமாம் என்றால் அந்தப் பக்கம் எனக்கு இல்லை. கேட்காவிட்டால் அது திருத்தம்தான், கதைதான், வழக்கம்தான். போனைக் கீழே வைத்தேன். அக்கா என்று அடித்தேன்.

இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி 28 காலையில் எனக்குத் தேதி ஞாபகம் வந்தது. பாக்கெட் போட்டுக்கொண்டிருந்தவள் எழுந்துபோய் இரண்டு முறை வாசலைப் பார்த்தேன். சாயங்காலம் வரை நீ வரவில்லை. பார்த்தாயா, கதைதான், என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நிம்மதியாக டேப் ஒட்ட உட்கார்ந்தேன். நீ கட்டிலில் பையோடு உட்கார்ந்திருந்த அதே நாள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. மிச்சம் இருந்த பிரதிகளையெல்லாம் கட்டி அச்சகக்காரர் கிடங்கில் போட்டுவிட்டேன். பின்னறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன். 11ஆம் தேதி எத்தனை மணியானாலும் வாசலில் நிற்பேன். உன் அண்ணனை அன்றைக்கு எங்காவது அனுப்பிவிடுகிறேன். சரி என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாயே, ஜனவரியில். இப்போது எழுதுகிறேன்.

சரி. வா.

அண்ணி


ஏப்ரல் 22

அண்ணி,

வெறும் தாளில் எழுதுகிறேன். இரண்டு பக்கமும் என்னுடையது. பழக்கதோஷத்தில் எண்ணிப் பார்த்தேன், மூன்று தாள்.

6ஆம் தேதி கூரியர் பதினொன்று இருபதுக்கு வந்தது. அதுவரைக்கும் நான் வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்த நடையில் தேய்ந்தே போயிருப்பேன். பழைய பிரதியின் பின் அட்டையில் ஒரு தேநீர் வட்டம் இருந்தது. டம்ளர் அடியைத் தேநீரில் தோய்த்து, புதியதில் அதே இடத்தில் வைத்தேன். மூலையை மடித்தேன். 31ஆம் பக்கத்தில் அந்த அம்மா பென்சிலில் கோடு போட்டிருந்தார், போட்டேன். ஸ்கேலை 132இல் வைத்து, பழையதைப் புரூஃப் கட்டுக்கு அடியில் ஒளித்தேன். அவர் சாப்பிட வரும்போது கையில் அரிசி மாவு அப்பிக்கொண்டு நின்றேன், காலையெல்லாம் சமையலில் இருந்தவள் போல.

சாயங்காலம் தேநீர் கொடுத்தேன். கையில் புத்தகத்தை எடுத்தவர் ஒரு நிமிஷம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைண்டிங் பரவாயில்லை" என்றார். பிறகு உட்கார்ந்து படித்தார். நான் சமையலறையில் எண்ணினேன். மூன்றாவது தாளைத் திருப்பி 138க்கு வந்ததும் சத்தம் நின்றது. ரொம்ப நேரம் நின்றது. முடிந்தது என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தேன்.

அழுதுகொண்டிருந்தார், அண்ணி. நாய்க்குட்டிக்கு. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "பாவம், வாயில்லாத ஜீவன்" என்றார். ஒன்பது வருஷத்தில் அவர் கண்ணில் தண்ணீர் பார்த்ததில்லை. மட்டமான பக்கம் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கம்தான் என்னைக் காப்பாற்றியது. அதைப் படித்துவிட்டு அன்றைக்கு என்னிடம் ரொம்ப அன்பாக இருந்தார். நான் டம்ளரைக் கழுவப் போய்விட்டேன்.

11ஆம் தேதி அவர் போன அரை மணியில் கிளம்பினேன். சாவி சொன்ன இடத்தில் இருந்தது. சான்றிதழ்கள் எல்லாம் இருந்தன. விளக்கு, மின்விசிறி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வந்தேன். நான் வீட்டில் இல்லை என்று மீட்டரே அவருக்குச் சொல்லட்டும்.

நீங்கள் வாசலில் நின்றிருப்பீர்கள். எனக்குத் தெரியும். உங்கள் தெருமுனை வரைக்கும் வரலாமா என்றுகூட யோசித்தேன். பேருந்து நிலையத்தில் இரண்டு ஊர்ப் பலகைகளுக்கு நடுவில் நின்றேன். உங்கள் ஊர்ப் பேருந்தில் ஏறவில்லை.

அவர் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பார். மெதுவான குரலில் கேட்டிருப்பார். நீங்கள் தெரியாது என்று சொல்லியிருப்பீர்கள். உண்மையிலேயே தெரியாது என்பதால் நன்றாகச் சொல்லியிருப்பீர்கள். அண்ணனும் நன்றாகச் சொல்லியிருக்கும். அதற்காகத்தான் வரவில்லை என்று முதலில் எழுத நினைத்தேன். அது பாதிதான். உங்களைப் போல நானும் பாதி சொல்லி நிறுத்த வேண்டாம்.

நீங்கள் உண்மையை எழுதிய கடிதத்தை எடுத்து வந்திருக்கிறேன். பல தடவை படித்துவிட்டேன். போனை எடுத்து வைத்த இடம், வாசலை இரண்டு முறை எட்டிப் பார்த்த இடம். படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. ரொம்ப நன்றாக எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கே அது தெரியும். எழுதி முடித்ததும் ஒருமுறை திருப்பிப் படித்திருப்பீர்கள். கோபத்தில் சொல்லவில்லை. அழுதுகொண்டேதான் படித்தேன், நானும் அந்த ஸ்டோர்ஸ் அம்மா மாதிரி.

புத்தகத்தைக் கிடங்கிலிருந்து எடுங்கள். விற்கட்டும். 138 பழையபடியே இருக்கட்டும், எனக்கு இனி அதில் பயம் இல்லை. நீங்கள் ஆபீசில் போய்க் கெஞ்சி நிற்க வேண்டாம், அதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அந்தப் பக்கத்தை உங்களுக்கே கொடுத்துவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரூஃப் பார்க்க வேறு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள்.

இந்தக் கடிதத்தை இன்னொருவர் எடுத்துப்போய் வேறு ஊரில் தபாலில் போடுவார். முத்திரையைப் பார்த்துத் தேட வேண்டாம். எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. என்ன வேலை என்று சொல்ல மாட்டேன். தங்கியிருக்கிற அறையில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்கு வெளியே என்ன தெரிகிறது என்றும் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் அதை எழுதிவிடுவீர்கள், அண்ணி.

பாப்பா